ஆணி நேரானால் கார் முந்தும்!

என்ஜின் கிடையாது. பெட்ரோல் கிடையாது. ஓட்டுவதற்கு ஆளும் கிடையாது. ஆனாலும் கார் பறக்கிறது!

அமெரிக்காவில் சாரணர் இயக்கத்துச் சிறுவர்கள் நடத்தும் மரக் கார் பந்தயம்தான் இது. "பைன்வுட் டெர்பி" என்று இதற்குப் பெயர். பைன்வுட் என்றால் பைன் மரம். டெர்பி என்றால் பந்தயம்.

காரின் நீளம் 7 அங்குலம். ஒரு பெரியவரின் கையளவுதான் இருக்கும்.

சரிவான பாதையின் உச்சியில் இந்தக் கார்களை வரிசையாக நிறுத்துவார்கள். ஒவ்வொரு காரையும் ஒரு சிறு முளை தடுத்துக்கொண்டு நிற்கும். எல்லா முளைகளும் ஒரே நேரத்தில் கீழே சாயும். கார்கள் தாமாகவே உருளத் தொடங்கும். 42 அடி நீளமுள்ள பாதையை ஏறக்குறைய 3 நொடியில் கடந்துவிடும்!

அந்த 3 நொடிக்காக ஒரு சிறுவன் பல நாள் மாலை வேளையில் உட்கார்ந்து உழைக்கிறான்.

எல்லாச் சிறுவர்களுக்கும் ஒரே மாதிரி மரக்கட்டைதான் கொடுக்கிறார்கள். சக்கரமும் ஒரே மாதிரிதான். எடையும் ஒரே அளவுதான். உருளும் சரிவும் ஒன்றுதான். அப்படி இருக்க, ஒரு கார் முந்துவது ஏன்? மற்றொன்று பிந்துவது ஏன்?

விடை, சக்கரத்தைத் தாங்கும் ஓர் ஆணியில் இருக்கிறது!

வயது போதாத மகன்

இந்தப் பந்தயம் பிறந்த கதை சுவையானது.

அமெரிக்காவில் அதற்கு முன்பே வேறொரு பந்தயம் இருந்தது. "சோப் பாக்ஸ் டெர்பி" என்று பெயர். சிறுவர்கள் தாங்களே செய்த வண்டியில் ஏறி உட்கார்ந்து, சரிவான சாலையில் உருண்டு வருவார்கள். இந்தப் பந்தயத்தின் முதல் தேசியப் போட்டி 1934-ல் ஓஹியோ மாநிலத்தில் டேட்டன் நகரில் நடந்தது. மறு ஆண்டு முதல் அதே மாநிலத்தின் ஆக்ரன் நகருக்கு மாறியது.

கலிபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில் டான் மர்பி என்பவர் இருந்தார். "நார்த் அமெரிக்கன் ஏவியேஷன்" என்ற விமானக் கம்பெனியில் அவருக்கு வேலை. ஓய்வு நேரத்தில் சாரணர் இயக்கத்தின் குருளையர் படை ஒன்றுக்குத் தலைவராக இருந்தார். குருளை என்றால் குட்டி. சாரணர் ஆவதற்கு வயது வராத சின்னப் பிள்ளைகளே குருளையர்.

மர்பிக்கு 10 வயதில் ஒரு மகன். சோப் பாக்ஸ் வண்டி ஓட்ட அவனுக்கு ஆசை. ஆனால் வயது போதவில்லை!

மகனின் வாடிய முகத்தைப் பார்த்தார் தந்தை. "பையன் ஏறி ஓட்ட முடியாவிட்டால் என்ன? கையால் செய்து ஓடவிட்டால் போகிறது" என்று நினைத்தார். பைன் மரத்துண்டு, சக்கரம், ஆணி ஆகியவற்றைக் காகிதப் பையில் போட்டுத் தம் படையில் இருந்த பையன்களுக்குக் கொடுத்தார்.

1953-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி முதல் பந்தயம் நடந்தது. முதலில் வந்த கார் எது என்று காட்டுவதற்கு, வீட்டு அழைப்பு மணியின் பாகங்களை மின்கலத்தோடு இணைத்து ஒரு கருவி செய்திருந்தார்கள்.

1954 அக்டோபரில், சாரணர்களின் "பாய்ஸ் லைப்" பத்திரிகை இந்தக் காரைச் செய்யும் விதத்தைப் படத்தோடு வெளியிட்டது. பந்தயம் நாடெங்கும் பரவியது.

மர்பி 2008-ல் காலமானார். அவர் தொடங்கிய பந்தயம் நிற்கவில்லை. 2018 முதல் குருளையர் படைகளில் சிறுமிகளும் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களும் கார் செய்கிறார்கள். அமெரிக்கச் சாரணர் இயக்கம் 2025-ல் "ஸ்கவுட்டிங் அமெரிக்கா" என்று தன் பெயரையே மாற்றிக்கொண்டது. பைன்வுட் டெர்பியின் பெயர் மட்டும் மாறவில்லை!

பெட்டிக்குள் என்ன?

இப்போது கார் செய்வதற்கான பொருள்களை ஒரு சிறு பெட்டியில் வைத்துக் கொடுக்கிறார்கள்.

உள்ளே ஒரு பைன் மரக்கட்டை இருக்கும். நீளம் 7 அங்குலம். அகலம் ஒன்றேமுக்கால் அங்குலம். உயரம் ஒன்றேகால் அங்குலம். அதோடு 4 பிளாஸ்டிக் சக்கரங்கள், 4 ஆணிகள். அவ்வளவுதான்.

கட்டையின் அடியில், குறுக்காக இரண்டு காடிகள் வெட்டப்பட்டிருக்கும். முன் சக்கரங்களுக்கு ஒன்று. பின் சக்கரங்களுக்கு ஒன்று. சக்கரத்தின் துளையில் ஆணியை நுழைத்து, ஆணியின் கூர்முனையைக் காடிக்குள் அடித்து இறக்க வேண்டும். ஆணியே அச்சு!

கட்டையை எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் செதுக்கலாம். பந்தயக் கார் போலச் செதுக்குபவர்கள் உண்டு. முதலை போலச் செதுக்குபவர்களும் உண்டு. ஆனால் மொத்த எடை 5 அவுன்ஸைத் தாண்டக்கூடாது. கிராம் கணக்கில் இது 141-க்குச் சற்று அதிகம்.

வடிவத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கி, அழகாக வர்ணம் பூசி, ஆணியை மட்டும் அவசரமாக அடித்துவிட்டால் என்ன ஆகும்? பார்க்க அழகான கார், பந்தயத்தில் கடைசியாக வரும்!

முதல் தேதிச் சம்பளம்

காரை ஓட்டுவது பூமியின் இழுப்புச் சக்தி. பாதையின் உச்சி தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில் இருக்கும். அந்த உயரத்திலிருந்து இறங்கும்போதுதான் காருக்கு வேகம் பிறக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உச்சியில் நிற்கும்போதே காருக்குக் கிடைக்க வேண்டிய சக்தி முழுவதும் கிடைத்துவிட்டது. வழியில் புதிதாக எதுவும் சேராது. இழப்பதற்குத்தான் வழி உண்டு.

முதல் தேதி கைக்கு வந்த சம்பளம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் முழுவதும் அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். வீண் செலவு செய்யாத குடும்பம் மாதக் கடைசியிலும் தலைநிமிர்ந்து நிற்கும். இந்தக் காரும் அப்படித்தான். சக்தியை வீணாக்காத கார் முந்தும்.

சக்தி எங்கே வீணாகிறது?

பாதையின் நடுவே நீளமாக ஒரு பட்டை இருக்கும். வயல் வரப்பு மாதிரி சற்றே உயர்ந்திருக்கும். அகலம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று அதிகம். உயரம் கால் அங்குலம். காரின் இடப்பக்கச் சக்கரங்கள் பட்டைக்கு ஒரு புறம் ஓடும். வலப்பக்கச் சக்கரங்கள் மறுபுறம் ஓடும். கார் பாதையை விட்டுப் போகாமல் காப்பது இந்தப் பட்டைதான்.

காப்பதும் அதுதான். கெடுப்பதும் அதுதான்!

கார் இடப்பக்கம் ஒதுங்கினால் வலப்பக்கச் சக்கரம் பட்டையில் இடிக்கும். இடித்த வேகத்தில் கார் மறுபக்கம் திரும்பும். அங்கே இடப்பக்கச் சக்கரம் இடிக்கும். இப்படி மாறி மாறி இடித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு இடிக்கும் கொஞ்சம் வேகம் போய்விடும்.

முடிவுக் கோட்டை நெருங்கும்போது, நல்ல கார் நொடிக்கு ஏறக்குறைய 14 அடி வேகத்தில் போகும். அந்த வேகத்தில், நொடியில் நூறில் ஒரு பங்கு தாமதித்தாலும் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பின்தங்கிவிடும். கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாத பந்தயங்கள் உண்டு. அதனால்தான் மின்சாரக் கருவி வைத்து நேரம் பார்க்கிறார்கள்.

கோணல் எங்கிருந்து வருகிறது?

சைக்கிள் சக்கரத்தில் கோட்டம் விழுந்தால் என்ன செய்கிறோம்? கடையில் கொடுத்துக் கோட்டம் எடுக்கிறோம். இந்தக் காருக்கும் கோட்டம் எடுக்க வேண்டும். ஆனால் இங்கே கோட்டம் சக்கரத்தில் அல்ல. பெரும்பாலும் ஆணியிலும் காடியிலும் இருக்கும்.

காடியை மில்லில் இயந்திரம் வெட்டுகிறது. ஆனாலும் சில கட்டைகளில் காடி ஒரு மயிரிழை சாய்ந்திருப்பது உண்டு. தச்சர்கள் வைத்திருக்கும் மூலைமட்டத்தைக் கட்டையின் ஓரத்தில் வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

ஆணி நேராகத் தெரியும். ஆனால் நேராக இருக்காது! ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஆணியை உருட்டிப் பாருங்கள். தலை வெளியே தொங்கும்படி வைத்து உருட்ட வேண்டும். ஆணி நேரானதாக இருந்தால் தலை ஒரே இடத்தில் சுழலும். கோணலாக இருந்தால் தலை மேலும் கீழும் ஆடும்.

அடிக்கும் விதத்திலும் கோணல் வரும். ஓர் ஆணி சற்று மேல்நோக்கி இறங்கிவிடும். மற்றொன்று சற்று முன்நோக்கி இறங்கிவிடும். ஆணி எந்தப் பக்கம் பார்க்கிறதோ, சக்கரமும் அதற்கேற்பத் திரும்பும். சக்கரம் திரும்பினால் காரும் திரும்பும்.

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் பழமொழி. அச்சு கோணலான காரோ ஓடும், ஆனால் முந்தாது!

முதலில் ஆணியைத் துலக்கு

கோணல் எடுப்பதற்கு முன் ஆணியைச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஆணியின் தலைக்கு அடியில் பிசிறு இருக்கும். தண்டில் சிறு கீறல்களும் இருக்கும். ஆணி செய்யும் இயந்திரம் இறுக்கிப் பிடித்த அடையாளம் அது. சக்கரம் சுழலும்போது இந்தப் பிசிறு அதைச் சுரண்டும்.

சிறு அரத்தால் பிசிறை எடுக்க வேண்டும். பிறகு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரப்பான தாள். அடுத்து மெல்லிய தாள். கடைசியில் மிக மெல்லிய தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால், ஆணி வெள்ளி மாதிரி மின்னும்.

எண்ணெய் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். பல படைகள் எண்ணெயை அனுமதிப்பதில்லை. கிராபைட் தூளைத்தான் போடுகிறார்கள். பென்சிலுக்குள் இருக்கிறதே, அதே கரிதான் கிராபைட். அந்தத் தூளை ஆணியிலும் சக்கரத்தின் துளையிலும் தூவி, சக்கரத்தைப் பலமுறை சுழற்றிவிட்டால் வழவழப்பு ஏறும்.

சோதனைப் பலகை

இனிமேல்தான் முக்கியமான வேலை. இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். 4 அடி நீளமுள்ள ஒரு நேரான பலகை போதும். அகலம் ஓர் அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

பலகையின் நீளத்துக்கு நடுவில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஒரு முனைக்கு அடியில் சிறு கட்டை வைத்து உயர்த்துங்கள். கார் மெதுவாகத் தானே உருளும் அளவுக்குச் சரிவு இருந்தால் போதும்.

பலகை பக்கவாட்டில் சாய்ந்திருக்கக்கூடாது. ரசமட்டம் இருந்தால் குறுக்கே வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பாருங்கள். குண்டு கோட்டின் மேலேயே போனால் பலகை சரி. ஒதுங்கினால், ஒதுங்கும் பக்கத்தில் காகிதத்தை மடித்துச் செருகுங்கள்.

இதைச் செய்யாமல் காரைச் சோதித்தால், பலகையின் குற்றத்தைக் காரின் தலையில் கட்டியது போல ஆகும்!

இப்போது காரைக் கோட்டின் மேல் நேராக வைத்து விடுங்கள். தள்ளக்கூடாது. கையை எடுத்தால் போதும். கார் அடியில் வந்து சேரும்போது கோட்டிலிருந்து எத்தனை அங்குலம் விலகி இருக்கிறது என்று அளந்து, ஒரு நோட்டில் எழுதுங்கள்.

ஒரு முறை உருட்டிவிட்டு முடிவு கட்டக்கூடாது. மூன்று முறை உருட்ட வேண்டும். மூன்று முறையும் ஒரே பக்கம் ஒதுங்கினால்தான் அது காரின் குணம்.

4 அடிப் பலகையில் ஓர் அங்குலம் ஒதுங்குவது பெரிதாகத் தெரியாது. ஆனால் 42 அடிப் பாதையில் அந்தக் கார் நடுப்பட்டையை எத்தனை முறை இடிக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

குறட்டால் ஒரு திருப்பு

ஒதுங்கும் காரை எப்படித் திருத்துவது?

முன் ஆணி ஒன்றின் தலையைக் குறட்டால் மெதுவாகப் பிடித்து, மிகக் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். ஆணியில் சிறு வளைவாவது இருக்கும் அல்லவா? ஆணியைத் திருப்பும்போது அந்த வளைவு வேறு பக்கம் பார்க்கும். சக்கரத்தின் முகமும் கொஞ்சம் மாறும்.

திருப்பிய பிறகு மறுபடி உருட்டிப் பாருங்கள். விலகல் குறைந்தால், திருப்பியது சரியான பக்கம். கூடினால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். பலகையே பதில் சொல்லிவிடும்.

ஒரு விதியை மட்டும் மறக்கக்கூடாது. ஒரு நேரத்தில் ஒரே ஓர் ஆணியைத்தான் திருப்ப வேண்டும். இரண்டை ஒன்றாகத் திருப்பினால், கார் திருந்தியது எதனால் என்று தெரியாது. கெட்டால், கெடுத்தது எது என்றும் தெரியாது!

பின் சக்கரத்தின் ரகசியம்

காரின் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது பின் சக்கரங்கள். ஆகவே அவை கோணலாக இருந்தால் நஷ்டம் அதிகம்.

பின் சக்கரம் சரியாக இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு சக்கரமும் ஆணியின் மேல் கொஞ்சம் உள்ளும் புறமும் நகரும்படி இடைவெளி விட்டிருப்பார்கள். காரை மெதுவாக முன்னால் உருட்டி, சக்கரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். பிறகு பின்னால் உருட்டிப் பாருங்கள்.

முன்னால் உருட்டும்போது சக்கரம் வெளியே, ஆணித் தலையை நோக்கிப் போகிறது. பின்னால் உருட்டும்போது உள்ளே, மரத்தை நோக்கி வருகிறது. அப்படியானால் அந்தச் சக்கரத்தின் முகம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று பொருள். இதற்கு நேர்மாறாக நகர்ந்தால், முகம் உள்பக்கம் திரும்பியிருக்கிறது.

எப்படி உருட்டினாலும் சக்கரம் ஆணித் தலையை ஒட்டியே நின்றால் அதுதான் நல்ல நிலை. மழமழப்பான ஆணித் தலையை உரசும்போது தேய்மானம் குறைவு. மரத்தை உரசினால் தேய்மானம் அதிகம்.

சக்கரத்தை அப்படி வெளியே நிறுத்த அனுபவசாலிகள் ஓர் உபாயம் செய்கிறார்கள். பின் சக்கரங்களின் மேல் விளிம்பு காரின் பக்கமும், கீழ் விளிம்பு வெளிப்பக்கமும் சாயும்படி ஆணியை வைக்கிறார்கள். சாய்வு இரண்டரை அல்லது மூன்று டிகிரிதான். காரின் எடையே சக்கரத்தை ஆணித் தலையின் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

மூன்று காலில் ஓட்டம்

நான்கு சக்கரமும் தரையில் படத்தான் வேண்டுமா?

வேண்டாம் என்கிறார்கள் பல வெற்றியாளர்கள்! முன் சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உயர்த்தி வைக்கிறார்கள். அது காற்றில் சும்மா நிற்கும். ஒரு சக்கரத்தைச் சுழற்றும் சக்தி மிச்சம். தேய்மானமும் மிச்சம். மூன்று கால் முக்காலி மேடு பள்ளத்திலும் ஆடாமல் நிற்பது போல, காரும் ஆடாமல் போகும்.

இதற்கு அடுத்த படியும் உண்டு. அது கேட்பதற்கே வேடிக்கையாக இருக்கும். இதுவரை காரை நேராக ஓட்டப் பாடுபட்டோம் அல்லவா? இப்போது வேண்டுமென்றே கொஞ்சம் ஒதுங்கவிடுகிறார்கள்!

வலப்பக்க முன் சக்கரம் தரையில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காரை இடப்பக்கம் இலேசாக ஒதுங்கும்படி திருப்புகிறார்கள். ஓர் அடி ஓட்டத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம். அந்தச் சக்கரம் நடுப்பட்டையைத் தொட்டுக்கொண்டே போகும். மாறி மாறி இடிப்பது இல்லை. பின் சக்கரங்கள் பட்டையில் படுவதும் இல்லை. பத்து இடி வாங்குவதைவிட ஒரு மெல்லிய உரசல் மேல் என்பது கணக்கு.

இதற்காக அந்த ஒரு முன் ஆணியைச் சற்றே வளைத்து, அதன் தலையில் ஒரு கீறல் போட்டுக்கொள்கிறார்கள். திருப்புளியால் திருப்பி அளவு வைக்கலாம்.

ஆனால் எச்சரிக்கை! எல்லாப் படைகளுக்கும் ஒரே விதி கிடையாது. ஆணியை வளைக்கக்கூடாது என்று சொல்லும் படைகள் உண்டு. நான்கு சக்கரமும் தரையில் பட வேண்டும் என்று சொல்லும் படைகளும் உண்டு. விதியைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

எடை எந்த இடத்தில்?

மரக்கட்டையைச் செதுக்கிய பிறகு எடை குறைந்துவிடும். உலோகத் துண்டுகளைப் பதித்து மறுபடி 5 அவுன்ஸ் ஆக்குவார்கள். அதை எங்கே பதிப்பது?

பின்பக்கம் பதித்தால் வேகம் கூடும். சரிவில் நிற்கும் காரின் பின்பக்கம் அதிக உயரத்தில் அல்லவா இருக்கிறது? எடை உயரத்தில் இருந்தால் இறங்குவதற்கு அதிக தூரம் கிடைக்கும்.

ஆனால் அளவுக்கு மீறினால் முன்பக்கம் லேசாகிவிடும். கார் பாம்பு போல நெளியும். காரை விரல் மேல் வைத்தால் அது சாயாமல் நிற்கும் இடம், பின் அச்சுக்கு முன்னால் முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலத்துக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். சக்கரக் கோணலை நன்றாக எடுத்த காருக்குத்தான் எடையை அவ்வளவு பின்னால் வைக்கத் துணியலாம். கோணல் உள்ள காரில் வைத்தால் ஆபத்து.

கார் யாருடையது?

இந்தப் பந்தயத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. அது இன்னும் தீரவில்லை.

பையன் செய்ய வேண்டிய காரை அப்பாவே செய்துவிடுகிறார்!

ரம்பம் பிடிக்கச் சின்னப் பிள்ளைக்குத் தெரியாது. கைபட்டுவிடும் என்ற பயமும் உண்டு. ஆகவே அப்பா அறுக்கிறார். பிறகு அவரே செதுக்குகிறார். அவரே வர்ணம் பூசுகிறார். பக்கத்து வீட்டுக் காரை முந்த வேண்டும் என்ற ரோஷம் பையனைவிட அவருக்குத்தான் அதிகம்! துலக்கிய ஆணியையும் கடைந்து சீராக்கிய சக்கரத்தையும் விலைக்கு விற்பவர்கள்கூட இருக்கிறார்கள். பணம் இருந்தால் வாங்கிவிடலாம்.

பந்தயத்தன்று பையன் என்ன செய்வான்? அப்பா செய்த காரைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்பான். ஜெயித்தாலும் அது அவன் வெற்றி அல்ல. அது அவனுக்கும் தெரியும்.

மர்பி இதற்காகவா பந்தயத்தைத் தொடங்கினார்? தந்தையும் மகனும் சேர்ந்து உட்கார வேண்டும், பையன் கைத்தொழில் பழக வேண்டும், தோற்றாலும் முகம் கோணாமல் நிற்கக் கற்க வேண்டும் என்றுதான் தொடங்கினார்.

சில படைகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. பெரியவர்களுக்கென்று தனிப் பந்தயம் வைத்துவிட்டார்கள். "உங்கள் திறமையை அங்கே காட்டுங்கள். பிள்ளையின் காரைப் பிள்ளையிடம் விடுங்கள்" என்பது அதன் பொருள்.

ஆனால் வீட்டிலேயே நல்ல வழி ஒன்று இருக்கிறது. அதுதான் சோதனைப் பலகை!

ரம்பத்தை அப்பா பிடிக்கட்டும். தவறில்லை. ஆனால் பலகையில் காரை உருட்டுவதற்கு 7 வயதுப் பிள்ளை போதும். கோட்டிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளக்க முடியும். நோட்டில் எழுத முடியும். "இந்தத் தடவை அரை அங்குலம் குறைந்திருக்கிறது, அப்பா!" என்று சொல்ல முடியும். எந்த ஆணியைத் திருப்பலாம் என்று யோசிக்க முடியும். பலம் வேண்டாம். பணம் வேண்டாம். பொறுமை இருந்தால் போதும்.

பந்தயத்தில் எது முந்தும் என்று பெரும்பாலும் தீர்மானிக்கிற வேலையும் இதுதான். காரிலேயே மிக முக்கியமான வேலை, பிள்ளையின் கைக்கு எட்டுகிற வேலையாக அமைந்திருக்கிறது. அதைப் பெரியவர்கள் பறித்துக்கொள்ளலாமா?

விளையாட முடியாத பொம்மை

கோணல் எடுத்து முடித்த பிறகு, ஆணி நகராமல் இருக்கக் காடியில் ஒரு சொட்டுப் பசை விடுவார்கள். அதன் பின் காரைத் தரையில் ஓட்டி விளையாடக்கூடாது. ஒரு முறை மேஜையிலிருந்து விழுந்தால் போதும். பல மாலை உழைப்பு பாழாகிவிடும். ஆணி மறுபடி கோணலாகும்.

கையில் அழகான கார் இருக்கிறது. ஆனால் பந்தயம் வரை அதைத் தொடக்கூடாது. ஒரு சிறு பிள்ளைக்கு இதைவிடக் கடினமான கட்டுப்பாடு எது? அதையும் இந்தப் பந்தயம் கற்றுக் கொடுத்துவிடுகிறது.

பந்தயம் நடக்கிறது. முளை சாய்கிறது. 3 நொடி. ஒருவன்தான் முதலில் வர முடியும். மற்றவர்கள் தோற்கத்தான் வேண்டும்.

தோற்ற பையன் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். காரை அப்பா செய்திருந்தால், "உன் கார் தோற்றுவிட்டது" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவான். அவனே உருட்டி, அளந்து, எழுதியிருந்தால் அப்படிச் சொல்ல மாட்டான்.

நோட்டை எடுப்பான். பலகையைச் சாய்த்து வைப்பான். கோட்டின் மேல் காரை வைத்துக் கையை எடுப்பான்.

எந்த ஆணி கோணல் என்று பார்க்க வேண்டும் அல்லவா?